வலக்கை நகம்

எங்கள் பள்ளிக்கூடத்துக் கிதார் வாத்தியாரின் இரண்டு கைகளும் ஒரே ஆளுடையவை என்று சொன்னால் நம்புவது கஷ்டம். இடது கையில் நகங்கள் சதையோடு ஒட்ட வெட்டப்பட்டிருக்கும். விரல் நுனிகள் காய்ப்பேறி, செங்கல் தூக்குகிறவர் கை மாதிரி முரடாக இருக்கும். வலது கை பெரிய இடத்துக் கை. நகங்கள் நீண்டு, உப்புத்தாளால் தேய்த்து வளைவு கொடுக்கப்பட்டு, எண்ணெய் பூசிய மினுமினுப்போடு இருக்கும். அந்தக் கையால் அவர் தாழ்ப்பாளைக்கூட இழுக்க மாட்டார். துணி பிழிய மாட்டார், புட்டி மூடியைத் திருக மாட்டார், பாத்திரம் தேய்க்கிற பேச்சுக்கே இடமில்லை. பஸ்ஸில் கூட்டமென்றால் வலது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு இடது கையால் தொங்கிக்கொண்டு வருவார்.

நான் அதே பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் ஒற்றைக்கல் சுவர். ஒட்டுக் கேட்கிறேன் என்று யாரும் என் மேல் பழி போட முடியாது. கேட்காமல் இருக்க வேண்டுமானால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும், எனக்கோ இரண்டு கையும் தையலுக்கு வேண்டும்.

அவர் மனைவி அறிவியல் டீச்சர். பள்ளிக்கூடத்தின் சுகாதாரப் பொறுப்பும் அவளிடம்தான். திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது நகவெட்டியோடு ஒவ்வொரு வரிசையாக நடப்பாள். கையைத் திருப்பிப் பார்ப்பாள், அழுக்கு நகமென்றால் அங்கேயே டிக் டிக்கென்று வெட்டித் தள்ளிவிடுவாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'நகவெட்டி டீச்சர்'. அவருக்கு வைத்தது 'டொய்ங் சார்'. இந்த இரண்டு பேரையும் ஒரே கூரைக்குக் கீழே கட்டிப் போட்ட புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. ஒரே மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் தப்பித்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒருவரையொருவர் 'சார்', 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அது வழக்கம், மரியாதை. வீட்டில் அவள் 'என்னங்க' என்பாள். சண்டை வந்தால் மட்டும் வீட்டுக்குள்ளேயும் 'சார்' வந்துவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் 'சார்' என்று கேட்டால் நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அன்றைக்கு நிம்மதியாக ஒரு வேலையும் ஓடாது.

அவர் அரசுப் பள்ளிக்கு வந்த கதையும் சண்டையில்தான் எனக்கு முழுதாகத் தெரிந்தது. முன்பு அவர் வசதியான வீடுகளுக்குப் போய்ப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பிள்ளை தூங்கி எழும் வரை வாசல் பக்கம் காத்திருப்பார், பிள்ளைக்கு மனசில்லையென்றால் திரும்பி வருவார். அதற்கப்புறம்தான் அரசுப் பள்ளிகளில் சோதனை முயற்சியாகக் கிதார் வகுப்பு தொடங்கினார்கள். வேலை வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை. கோடை விடுமுறை முழுக்க அவர் வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார். அந்த மாதங்களில் கிதார் சத்தமே கேட்காது. குடும்பம் அவள் சம்பளத்தில்தான் ஓடியது. அதை அவள் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டாமலே தெரியும்படி ஒரு பார்வை அவளிடம் இருந்தது, அது போதும்.

வகுப்பு நடக்கிற இடம் விளையாட்டுச் சாமான்கள் போட்டு வைத்திருந்த அறை. கிழிந்த வலைகளுக்கும் ஓட்டைப் பந்துகளுக்கும் நடுவில் ஒன்றிரண்டு பெஞ்சு. பிள்ளைகளுக்கு ஏற்ற அளவு கிதார் கிடையாது, மூன்று பேருக்கு ஒன்று. ஒருத்தி வாசிப்பாள், இன்னொருத்தி மர ஸ்கேலில் கோடு போட்டு அதில் விரல் வைத்துப் பழகுவாள், மூன்றாமவன் தொடையில் தட்டித் தாளம் போடுவான். பிறகு மாற்றிக்கொள்வார்கள். மழைக்காலத்தில் மரம் ஊறிப்போய்ச் சுருதி நிற்காது. அவர் காலையில் சீக்கிரமாக வந்து ஒவ்வொன்றாக மடியில் வைத்துத் திருகாணியை முறுக்கிக்கொண்டிருப்பார். கடைசிக் கிதாருக்கு வருவதற்குள் முதல் கிதார் இறங்கியிருக்கும்.

அவர் நல்ல வாத்தியார், நல்ல மனுஷர் இல்லை. இந்த இரண்டையும் நான் ஒரே மூச்சில் சொல்லுவேன். பிள்ளைகளிடம் ஒரு அன்பான வார்த்தை வராது. "காது எதுக்கு இருக்கு, கண்ணாடி மாட்டவா?" என்று கத்துவார். ஆனால் தவறு எந்த விரலில் என்று முதுகைத் திருப்பிக்கொண்டே சொல்லிவிடுவார். பிள்ளைகள் அவரை வெறுத்துக்கொண்டே நன்றாக வாசித்தார்கள். அதிலும் ஏழாவது படிக்கிற ஒரு பெண், பட்டாசு என்று பெயர் வாங்கியவள், பஸ் மெக்கானிக்கின் மகள். அவள் கையில் கிதார் இருந்தால் நான் தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

அந்த வருஷம் ஒரு செய்தி வந்தது. கல்வி அதிகாரி ஒருவர் பள்ளி பள்ளியாக வந்து பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்பார், அவருக்குப் பிடித்திருந்தால் வாத்தியாரின் வேலை நிரந்தரம், பிடிக்கவில்லையென்றால் அந்த வருஷத்தோடு சரி. வாத்தியார் அன்றைக்கே பட்டாசையும் இன்னும் சில பிள்ளைகளையும் பொறுக்கி எடுத்து, வலது கை நகத்தை வளர்க்கச் சொல்லிவிட்டார். வலது கையை மட்டும்.

அடுத்த திங்கட்கிழமை நகவெட்டி டீச்சர் அத்தனையையும் வெட்டிவிட்டாள்.

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் சண்டை பிடித்துக்கொண்டது.

"கேக்காம கொள்ளாம வெட்டிருக்க."

"நகம் வெட்ட யாரைக் கேக்கணும்?"

"நான்தான் வளர்க்கச் சொன்னேன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சா இல்லையா?"

"சொல்லுச்சு. சார் சொன்னாரு டீச்சர்னு சொல்லுச்சு. நாளைக்கு சார் சொன்னாருன்னு குளிக்காம வந்து நிக்கும், விட்டுடவா?"

"இது அழுக்கு விஷயமில்ல. கம்பிக்கு நகம் வேணும். வெறும் சதையில வாசிச்சா ரெண்டாவது பெஞ்சுக்குக் கேக்காது. அந்த அதிகாரி கூடத்துல உக்காந்து கேக்கப் போறாரு."

"சத்தம் வேணும்னா தகரத்தைக் குடுத்துத் தட்டச் சொல்லுங்க சார்."

'சார்' வந்துவிட்டது. நான் அடுப்பை அணைத்தேன்.

"உனக்கு என் வேலை கேலியாப் போச்சு."

"கேலியா? போன மாசம் எத்தனை பிள்ளைங்க வயித்தால போயி லீவு போட்டுச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? அதுங்க அம்மாங்க வந்து உங்களையா கேட்டாங்க? என்னைக் கேட்டாங்க. நகத்துக்குள்ள இருக்கிறதைத்தான் அதுங்க சாப்பிடுது. நீங்க இந்த வீட்டுல ஒரு டம்ளர் கழுவினதில்ல, உங்க நகத்துல அழுக்கு சேராது. அதுங்களுக்குச் சேரும்."

 கொஞ்ச நேரம் கழித்துக் கிதார் கேட்டது. கோபத்தில் வாசிக்கிற கிதார். கம்பி அறுந்துவிடும் போலிருந்தது.

மறுநாள் நான் வாய் சும்மா இருக்காமல் அவரிடமே கேட்டேன். "ஏன் சார், பிளாஸ்டிக்ல ஒரு சின்னத் தகடு வச்சு வாசிக்கிறாங்களே, அதைக் குடுத்தா என்ன?"

என்னைப் பார்த்த பார்வையில் என் தையல் மிஷினே துருப்பிடித்திருக்கும்.

"கையுறை போட்டுக்கிட்டு நீங்க சாப்பிடுவீங்களா, டீச்சர்?"

"பசிச்சா சாப்பிடுவேன்" என்றேன். அவர் போய்விட்டார்.

விஷயம் தலைமையாசிரியரிடம் போனது. எங்கள் தலைமையாசிரியர் இரண்டு பக்கமும் தலையாட்டத் தெரிந்தவர். "டீச்சர், நீங்க கிதார் பசங்களுக்கு மட்டும் இடது கையைப் பாருங்க. வலது கையை விட்டுடுங்க. அதிகாரி வந்துட்டுப் போற வரைக்கும்தான்" என்றார். எழுதிக் கொடுங்கள் என்று அவள் கேட்டாள். "இதுக்கெல்லாம் எதுக்கு எழுத்து, நம்ம வீட்டு விஷயம்" என்று சிரித்தார். அவளும் விட்டுவிட்டாள். ஏன் விட்டாள் என்று எனக்குத் தெரியும். அவர் நிரந்தரமாக வேண்டும் என்று அவரைவிட அவளுக்குத்தான் ஆசை அதிகம். கோடை விடுமுறையில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரே வீட்டில் இருந்தவள் அவள்தானே.

இப்படியாகத் திங்கட்கிழமை வரிசையில் ஒரு கூத்து ஆரம்பித்தது. கிதார் பிள்ளைகள் இடது கையை மட்டும் நீட்டுவார்கள். இதைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் இடது கையை மட்டும் நீட்டிக்கொண்டு "கிதார், டீச்சர்" என்றன. கிதாரைத் தொட்டே பார்க்காத நாலாம் வகுப்பு வாண்டு ஒன்று, வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "நான் அடுத்த வருஷம் சேரப் போறேன், டீச்சர்" என்றது. வரிசையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அந்த வாண்டின் கையை இழுத்து வெட்டிவிட்டு, கூடத்து வாசலில் நின்றிருந்த புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

நகம் வளர்ந்தது, சத்தமும் வளர்ந்தது. அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை மூக்கடைத்த மாதிரி இருந்த கிதார்கள் மழை ஓய்ந்த மரத்தில் சொட்டுகிற தண்ணீர் மாதிரி தனித்தனியாகக் கேட்க ஆரம்பித்தன. வாத்தியார் முகத்தில்கூட ஒரு வெளிச்சம் வந்தது. பிள்ளைகளுக்குத் தன் உப்புத்தாளையே கிழித்துக் கொடுத்து, நகத்தை எப்படித் தேய்ப்பது என்று காட்டினார். பட்டாசு தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து தூணில் முட்டிக்கொண்டாள்.

அதிகாரி வருகிற வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை அது நடந்தது. மதிய இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் தள்ளுமுள்ளு. காய்கறிக் கடைக்காரியின் மகன், ஐந்தாவது படிக்கிறவன், பட்டாசின் புட்டியைப் பிடுங்கியிருக்கிறான். இவள் பேருக்கேற்ற மாதிரி பாய்ந்திருக்கிறாள். அவன் கண்ணுக்குக் கீழே இமையை ஒட்டி ஒரு நகக்கீறல், உள்ளங்கை நிறைய ரத்தம். முதலுதவிப் பெட்டி என் அறையில் இருந்ததால் பையனை என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். துடைத்துப் பார்த்தேன். கொஞ்சம் மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

அவன் அம்மா கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். தலைமையாசிரியர் அறையில் நின்றுகொண்டு அவள் போட்ட சத்தம் தெரு வரைக்கும் கேட்டிருக்கும். நானும் பஞ்சும் மருந்துமாக அங்கேதான் நின்றேன். வாத்தியாரையும் டீச்சரையும் கூப்பிட்டனுப்பினார்கள்.

"பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு நகம் எதுக்கு? பள்ளிக்கூடமா இது, புலி வளர்க்கிற இடமா? எம் புள்ளைக்குக் கண்ணு போயிருந்தா எவன் குடுப்பான்? திங்கக்கிழமை திங்கக்கிழமை நகம் வெட்டுறோம்னு பெருமை வேற! யாரு இதுக்குப் பொறுப்பு, சொல்லுங்க. நான் மேல எழுதிப் போடாம விடமாட்டேன்."

"பொறுமையா இருங்கம்மா, விசாரிக்கிறேன்" என்றார் தலைமையாசிரியர். பிறகு யாரையும் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக் கேட்டார். "இந்தப் பிள்ளையை நகம் வளர்க்கச் சொன்னது யாரு?"

அந்த அறையில் பையனின் அம்மாவைத் தவிர எல்லோருக்கும் பதில் தெரியும். கேட்டவருக்கும் தெரியும். நான் வாத்தியாரைப் பார்த்தேன். அவர் வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"கிதாருக்கு நகம் தேவையில்ல சார்" என்றார். "விரலாலயே வாசிக்கலாம். பசங்க தானா வளர்த்திருக்கும். திங்கக்கிழமை பாத்து வெட்டுறது டீச்சரோட பொறுப்பு."

தலைமையாசிரியர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. வாய்வார்த்தையாக அனுமதி கொடுத்தவர் அவர். அதுவும் இந்த ஒரு வாக்கியத்தில் கரைந்து போய்விட்டதே, நிம்மதியாக இருக்காதா?

"டீச்சர், உங்க விளக்கத்தை எழுத்துல குடுத்துடுங்க" என்றார்.

அவள் புருஷனைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து நான் கண்டதில்லை. கடைசியில், "சரிங்க சார்" என்றாள். எந்தச் சாரைச் சொன்னாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

 நானே வாயைத் திறந்தேன். "சார், நீங்கதானே இடது கையை மட்டும்..."

"தையல் டீச்சர், பையனுக்குக் கட்டுப் போட்டாச்சுன்னா நீங்க போகலாம்" என்றார் தலைமையாசிரியர். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். பேசாதே என்று அர்த்தம்.

சாயங்காலம் மழை.  அந்தப் பக்கம் பால் பொங்கி அடுப்பில் வழிந்து தீய்கிற வாடை என் சமையலறைக்கு வந்தது. அங்கே யாரும் எழுந்து அணைக்கவில்லை போலிருக்கிறது. பிறகு அவர்தான் முதலில் பேசினார்.

"நீ யோசிச்சுப் பாரு. உன் வேலை நிரந்தரம். ஒரு விளக்கம் எழுதிக் குடுத்தா உன்னை ஒருத்தன் ஒண்ணும் செய்ய முடியாது. என் பேரு வந்துச்சுன்னா அதிகாரி வர்றதுக்கு முன்னாடியே கதை முடிஞ்சுடும். நான் நமக்காகத்தான் சொன்னேன்."

"ம்."

"இதுல என்ன தப்பு இருக்கு? சொல்லு."

"தப்பு இல்ல சார்."

"சார் சார்னு சொல்லாத."

"அந்த ரூமுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி தாழ்வாரத்துல ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே வந்தோம்? அங்க ஒரு வார்த்தை, இந்த மாதிரி நீ ஏத்துக்கோன்னு சொல்லியிருந்தா நானே சொல்லியிருப்பேன். நான்தான் கவனிக்கலன்னு நானே சொல்லியிருப்பேன். உங்களை வாயே திறக்க விட்டிருக்க மாட்டேன்."

"அவசரத்துல..."

"என்கிட்ட கேட்டா குடுக்க மாட்டேன்னு நினைச்சீங்களா? இத்தனை வருஷத்துல எதைக் குடுக்கல?"

அவர் ஏதோ சொன்னார், மழையில் கேட்கவில்லை. அவள் சொன்னது கேட்டது.

"கிதாருக்கு நகம் தேவையில்லன்னு உங்க வாயால வந்துச்சு பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல. அந்த நகத்துக்காக நான் இந்த வீட்டுல எவ்வளவு பாத்திரம் தேச்சிருக்கேன்!"

 நான் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். வெட்கமில்லாமல் அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை. பதினோரு மணிக்கு அதிகாரி வருகிறார். பள்ளிக்கூடம் முழுக்கக் கழுவி விட்டிருந்தது. மழை தூறிக்கொண்டிருந்ததால் வரிசை கூடத்துக்குள் நின்றது. கிதார் பிள்ளைகள் சலவைச் சட்டையோடு முன்னால் நின்றார்கள். ஆசிரியர்கள் நாங்கள் சுவர் ஓரமாக. நகவெட்டி டீச்சர் முதல் வரிசைக்கு வந்தாள்.

"ரெண்டு கையும்" என்றாள்.

பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒவ்வொன்றாக நீட்டின. டிக், டிக், டிக். கூடத்தில் வேறு சத்தமே இல்லை. வாத்தியார் ஒரு அடி முன்னால் வைத்துவிட்டு நின்றார். அவரால் என்ன சொல்ல முடியும்? வெட்டாதே என்றால் வெள்ளிக்கிழமை சொன்னது பொய்யென்று ஆகும். தலைமையாசிரியர் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பட்டாசின் முறை வந்தது. நீட்டினாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது, விழவில்லை. கட்டைவிரல் நகம் விழுந்ததும் நிமிர்ந்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"டீச்சர், சாருக்கும் நகம் இருக்கு."

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து நிறுத்திக்கொண்டார்கள். டீச்சர் நகவெட்டியைத் துணியில் துடைத்தாள். நிதானமாகச் சுவர் ஓரம் நடந்து வந்து புருஷன் முன்னால் நின்றாள். நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அவள் மேலிருந்து வந்த சோப்பு வாசனைகூட எனக்குத் தெரிந்தது.

"கையைக் காட்டுங்க சார்."

"விளையாடாத" என்றார் அவர், உதடு அசையாமல்.

"பிள்ளைங்க பாக்குது சார். கிதாருக்கு நகம் தேவையில்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அவர் தப்பித்திருப்பார். அது வரிசையில் ஒரு பிள்ளையிடம் பேசுகிற குரல். அவர் தலைமையாசிரியரைப் பார்த்தார். அவருக்கு மழை இன்னும் பார்த்து முடியவில்லை. வாத்தியார் சட்டைப் பைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து நீட்டினார். கட்டைவிரலை மட்டும் உள்ளே மடக்கி வைத்திருந்தார். அவள் நான்கு விரல்களையும் முடித்துவிட்டு, மடங்கியிருந்ததைப் பிரித்து அதையும் வெட்டினாள். தேய்த்துத் தேய்த்து வளர்த்த நகங்கள் தரையில் விழுந்தன. அவள் குனிந்து அவற்றைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். கூடம் சுத்தமாக இருக்க வேண்டுமே.

அதிகாரி வந்தார். பெரிய குடை, கைக்குட்டை, களைத்த முகம். கூடத்துக்குத் தகரக் கூரை. பிள்ளைகள் உட்காரும் நேரம் பார்த்து மழை வலுத்தது. வாத்தியார் தலையசைத்தார், பிள்ளைகள் ஆரம்பித்தார்கள். விரல் அசைவது தெரிந்தது. பக்கவாட்டில் நின்ற எனக்கே சத்தம் பாதிதான் வந்தது. அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியர் பக்கம் சாய்ந்து, "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றார்.

"நடந்துகிட்டிருக்குங்க" என்றார் தலைமையாசிரியர்.

வாத்தியார் கழுத்தில் வியர்வை வழிந்தது. டீச்சர் தூணுக்குப் பக்கத்தில் கை கட்டிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் வெற்றியைத் தேடினேன், அது இல்லை. பிள்ளைகள் முடித்தார்கள். முடிந்ததே அதிகாரிக்குத் தெரியவில்லை, நாங்கள் கை தட்டியதும் அவரும் தட்டினார். பிறகு, "சார் நீங்க ஒண்ணு வாசிங்க" என்றார் மரியாதைக்கு.

வாத்தியார் பட்டாசின் கையிலிருந்த கிதாரை வாங்கிக்கொண்டார். எந்த விரலை எங்கே வைப்பது என்று தெரியாத புதுப் பிள்ளை மாதிரி ஒரு நிமிஷம் கம்பியைத் தடவிப் பார்த்தார். வாசித்தார். நன்றாக இருந்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான். நன்றாக இல்லை. கம்பி சதையில் வழுக்கியது. பாதியில் நிறுத்தி, எழுந்து, கிதாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எல்லாம் போயிற்று என்று நான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். அதிகாரி எழுந்து கைக்குட்டையால் முகம் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"ரொம்ப திருப்தி. நான் போற ஸ்கூல்ல எல்லாம் காது கிழியுது. பக்கத்து கிளாஸ்ல பாடம் நடத்த முடியலன்னு ஒரே புகார். இங்கதான் யாருக்கும் தொந்தரவு இல்லாம அடக்கமா நடக்குது. பசங்க கைகூட எவ்வளவு சுத்தமா இருக்கு! இப்படித்தான் இருக்கணும்."

எனக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. டீச்சர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். அழுகிறாள் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடினேன். குழாயடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்து, இருமி, மறுபடி சிரித்தாள்.

"கேட்டீங்களா அக்கா? தொந்தரவு இல்லையாம்! நான் அந்த மனுஷனைக் கவுக்கணும்னுதான் வெட்டினேன். நானே வேலை வாங்கிக் குடுத்துட்டேன்!"

"போகட்டும் விடு. நல்லதுதானே நடந்துச்சு."

"நல்லதுதான்." குழாயைத் திறந்து முகம் கழுவினாள். "இனிமே கோடைக்கு அவரு பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்கார வேண்டாம். நானும் உக்கார வேண்டாம். மாறுதல் கேட்டு எழுதப் போறேன் அக்கா."

"சண்டைன்னா ஊரை விட்டா போவாங்க?"

"அவருக்கு வேலை கிடைக்கிற வரைக்கும் போக முடியாதுன்னு இருந்தேன். இப்பக் கிடைச்சாச்சு."

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் கரகரவென்று ஒரு சத்தம். எனக்குப் பழகாத சத்தம். பிறகுதான் புரிந்தது, வெள்ளிக்கிழமை தீய்ந்த பால் பாத்திரத்தை யாரோ தேய்க்கிறார்கள். தேய்க்கத் தெரியாத கை. நிறுத்தி நிறுத்தித் தேய்த்தது.

"போதுமா பாரு" என்றது அவர் குரல்.

"அங்கேயே வச்சுட்டுப் போங்க சார்" என்றாள் அவள்.

அவள் கேட்ட மாறுதல் வந்தது. தூரத்து ஊர். ஒரு பெட்டி, ஒரு பை, அறிவியல் புத்தகங்கள். முதலில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள். இப்போது லீவு விட்டால் மகள்தான் அங்கே போகிறாள்.

அவர் நிரந்தர ஆசிரியர். இனி அவர் விரும்பினால் முழ நீளத்துக்கு நகம் வளர்த்துக்கொள்ளலாம், ஒருவரும் கேட்கப் போவதில்லை. பிள்ளைகள் பிளாஸ்டிக் தகட்டால் வாசிக்கிறார்கள். பழைய டப்பா மூடிகளை என் கத்தரிக்கோலால் நான்தான் முக்கோணமாக வெட்டிக் கொடுக்கிறேன். பட்டாசு ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். அதற்குப் பிறகு அவள் கிதார் வகுப்புக்கு வரவில்லை. அவரைக் கண்டால் இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். அவரும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. சாயங்காலங்களில் அந்தப் பக்கத்திலிருந்து கிதார் கேட்பதில்லை. பாத்திரம் கேட்கிறது.

சுகாதாரப் பொறுப்பு இப்போது என்னிடம். திங்கட்கிழமை காலையில் அவள் விட்டுப்போன நகவெட்டியோடு வரிசை வரிசையாக நடக்கிறேன். கடைசி வரிசை முடிந்து சுவர் ஓரம் வந்தால் அங்கே அவர் நிற்கிறார். நான் கேட்பதில்லை, கேட்க எனக்கு உரிமையும் இல்லை. முதல் தடவை பார்க்காத மாதிரி தாண்டிப் போகப் பார்த்தேன். அவர் இரண்டு கைகளையும் நீட்டிவிட்டார். இரண்டிலும் நகம் சதையோடு ஒட்ட வெட்டியிருந்தது. நான் பார்த்து, "சரி சார்" என்று சொன்னேன். அதைச் சொல்லும் வரை அவர் கையை இறக்கவில்லை. வாரா வாரம் இதேதான்.